கொங்காணி போட்ட பூ

பிரான்சில் பெண் குழந்தைக்கு வைக்கும் பெயர் ஒன்று: கப்புசீன். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதலசை கதவைத் தட்டுவதுபோல் விழுகிறது; நடு அசையில் இதழ் குவிகிறது; கடைசி அசையில் காற்று பல்லிடுக்கில் சீறி மூக்கினுள் போய் ஒடுங்குகிறது. வல்லினத்தில் பிறந்து மெல்லினத்தில் இளைப்பாறும் இந்த ஓசையில் எனக்கு நெடுநாளாக ஒரு மயக்கம் உண்டு.

ஆனால் நான் எழுதியது பிரெஞ்சுக்காரர் சொல்வது அன்று. இடறல் நடு உயிரில் இருக்கிறது. உகரம் சொல்லும்போது நாவின் பின்பகுதி உயர, இதழ் குவிகிறது. இகரம் சொல்லும்போது நாவின் முன்பகுதி உயர, இதழ் விரிகிறது. பிரெஞ்சுக்காரரோ நாவை இகரத்தில் நிறுத்தி, இதழை மட்டும் உகரத்துக்குக் குவித்து, இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் ஒலியைப் பிறப்பிக்கிறார். அதற்குத் தமிழில் எழுத்தில்லை; ஆனால் அதன் கண்ணாடி நிழல் தமிழில் இருக்கிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறப்பவை என்று தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்து வைத்திருக்க, 'பாக்கு', 'காடு' என்று நாம் பேச்சில் சொல்லும்போது ஈற்றில் நிற்கும் குற்றியலுகரம் அந்த விதிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாக்கு உகரத்தின் இடத்திலேயே நிற்க, இதழ் மட்டும் குவிய மறுத்துத் தட்டையாகிவிடுகிறது. அவர்களுடையது இகர நாவும் உகர இதழும்; நம்முடையது உகர நாவும் இகர இதழும். ஒன்றையொன்று பார்த்து எதிரெதிரே நிற்கும் இந்த இரண்டு உயிர்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

புதுச்சேரிக்காரர்கள் இந்த ஒலிக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பிரெஞ்சு ஆளுநராக இருந்த ஒருவரின் பெயர் தாங்கிய தெருவை அங்கே 'துய்மா வீதி' என்கிறார்கள். உகரத்தின் பின்னால் யகர ஒற்று ஒன்றை நிறுத்தி, நாவை இகரத்தின் பக்கமாக இழுத்துவிடும் தந்திரம் அது. அந்தக் கணக்கில் நம் பெயரைக் 'கப்புய்சீன்' என்று எழுதலாம். செவிக்கு நெருக்கம், கண்ணுக்குக் கரடு. நான் கப்புசீன் என்றே எழுதிப் போகிறேன். இரட்டித்த பகரம் வன்மை குன்றாமல் காக்கிறது. தனிப் பகரமாயிருந்தால் உயிர்களுக்கு இடையே அது மெலிந்து ஒலித்திருக்கும். சகரமோ உயிர்களின் நடுவே தானாகவே பிரெஞ்சுச் சீற்றத்தைப் பெற்றுவிடுகிறது. நம் நெடுங்கணக்கு கேட்காமலே பாதி வேலையை முடித்துத் தந்துவிட்டது.

இனிப் பொருள். கப்புசீன் ஒரு பூ.

உதகையிலும் கொடைக்கானலிலும் வீட்டு வேலியோரங்களில் செம்மஞ்சளும் மஞ்சளும் சிவப்புமாகப் படர்ந்து கிடக்கும் செடிதான். நர்சரியில் 'நாஸ்டர்டியம்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இலை வட்டமானது. காம்பு இலையின் விளிம்பில் வந்து சேராமல் அடிவயிற்றில் சேர்கிறது, தாமரை இலையைப் போல. மழைத்துளி ஒட்டாமல் உருண்டோடுகிறது, அதுவும் தாமரை இலையைப் போலவே. உள்ளங்கை அகலத்துக்குக் குறுகிப்போன தாமரைக்குளம் ஒன்று வேலியேறிப் படர்ந்ததுபோல் இருக்கும். பூவுக்கு ஐந்து இதழ். முன்னாலிருந்து பார்த்தால் அழகிய பூ என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். புல்லி பின்பக்கமாக நீண்டு, கூம்பி, நுனி சற்றே வளைந்து, ஒரு வாலாகத் தொங்குகிறது. தேன் அந்த வாலுக்குள்ளே. இந்தப் பெயரின் வரலாறும் அதற்குள்ளேதான்.

மழைநாளில் வயல்காட்டுக்குப் போகிறவர்கள் சாக்கின் ஒரு மூலையை எதிர்மூலைக்குள் செருகி, அந்தக் கூம்பைத் தலையில் கவிழ்த்து, மிச்சத்தை முதுகில் தொங்கவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கொங்காணி என்று பெயர். தலைக்குமேல் ஒரு கூர்முனை, முகத்தைச் சுற்றி ஒரு வாய். அந்தக் கொங்காணியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பூவைத் திரும்பவும் பக்கவாட்டில் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் கண்டதை நீங்களும் கண்டுவிடுவீர்கள். அவர்கள் மொழியில் அவ்வகைக் கூர்முக்காட்டுக்குப் பெயர் 'கப்புய்ஸ்'. முக்காட்டுப் பூ கப்புசீன் ஆயிற்று.

நமக்கும் இந்தக் கண் உண்டு. நாகலிங்க மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம். அங்கே அதற்கு நாகமும் இல்லை, லிங்கமும் இல்லை. இங்கே வந்து சேர்ந்ததும் நம்மவர் பூவுக்குள் குனிந்து பார்த்து, படமெடுத்துக் கவிந்த நாகத்தையும் அடியில் லிங்கத்தையும் கண்டு, கோயிலில் கொண்டுபோய் நட்டார்கள். அதே தென்னமெரிக்காவிலிருந்து, பெரு நாட்டு மலைகளிலிருந்து, கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போன கொடியில் பிரெஞ்சுக்காரர் துறவியின் முக்காட்டைக் கண்டார். வந்தேறிப் பூவுக்கு எந்த ஊரும் தன் சந்நிதியிலிருந்துதான் பெயரெடுத்துக் கொடுக்கும்போல.

ஆனால் எல்லாரும் கண்ணால் பெயர் வைக்கவில்லை. ஆங்கிலத்துக்குப் போன 'நாஸ்டர்டியம்' மூக்கால் வந்த பெயர். ஒருமுறை கொடைக்கானலில் நடந்துபோகையில் இலையொன்றைக் கிள்ளி மென்றேன். முதலில் வெறும் பச்சைச் சுவை. பிறகு இளமுள்ளங்கியின் காரம். அடுத்த நொடி அது நாவை விட்டு நேரே மூக்குக்கு ஏறிவிட்டது. இலத்தீனில் 'நாசுஸ்' என்றால் மூக்கு, 'தோர்த்துஸ்' என்றால் திருகப்பட்டது. முன்பு நீரோரம் வளரும் காரக்கீரை ஒன்றுக்கு இருந்த அந்த 'மூக்குத்திருகி'ப் பெயரை, அதே காரம் கொண்ட இந்தப் புதுச்செடிக்கும் ஒட்டிவிட்டார்கள். பிரெஞ்சிலேயே இதற்கு 'இந்தியாவின் கீரை' என்று பொருள்படும் பழம்பெயர் ஒன்று உண்டு. இந்தியாவைத் தேடிப் போன கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கி, அதையே இந்தியா என்று சொல்லிவிட்ட பிழையின் ஒரு துளி அந்தப் பெயரில் உறைந்து கிடக்கிறது. பெருவில் பிறந்த செடிக்கு நம் நாட்டுப் பெயர். நாம் அதைப் பார்த்திருக்கவே இல்லை.

மூன்றாவது பெயர் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் வைத்தது: திரொப்பேயொலும். போர் முடிந்த களத்தில் மரத்தூண் ஒன்றை நட்டு, தோற்ற பகைவரின் கேடயத்தையும் தலைச்சீராவையும் அதில் தொங்கவிடும் கிரேக்க வழக்கம் ஒன்றிருந்தது. அந்த வெற்றித்தூணின் பெயர்தான் இது. கொம்பில் ஏறிய இந்தக் கொடியில் அவருக்கு வட்ட இலைகள் கேடயங்களாகவும், செம்பூக்கள் குருதி தோய்ந்த தலைச்சீராக்களாகவும் தெரிந்தன. ஒரே பூவின் ஒரே வால்; பார்த்த இருவரும் தலையில் கவிக்கும் ஒன்றைத்தான் கண்டார்கள். ஒருவருக்கு அது துறவியுடையது, மற்றவருக்குப் போர்வீரனுடையது. பெண் குழந்தைக்குத் துறவியின் முக்காடு கிடைத்தது நல்லதாயிற்று. திரொப்பேயொலும் என்று தொட்டிலில் எப்படிக் கொஞ்சுவது?

சரி, அந்தத் துறவி யார்? இத்தாலியில் 1525இல் மத்தேயோ தா பாஸ்சோ என்ற பிரான்சிஸ்கன் துறவி, தம் சபையார் எளிமையிலிருந்து வழுவிவிட்டதாக மனம் நொந்து, புனித பிரான்சிஸ் அணிந்ததாகத் தாம் நம்பிய சொரசொரப்பான அங்கியையும் நீண்ட கூர்முக்காட்டையும் தாமே அணிந்துகொண்டு புறப்பட்டார். 1528இல் திருத்தந்தை ஏழாம் கிளெமெந்து அந்தக் கூட்டத்துக்கு இசைவளித்தார். அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் வேறு. தெருவில் அவர்களைக் கண்ட சிறுவர்கள் முக்காட்டைச் சுட்டிக் கூவிய கேலிப்பெயர்தான் நிலைத்தது என்பது சபையின் வழிவழிக் கதை. இத்தாலியத்தில் 'கப்பா' மேலங்கி. அதில் 'உச்சோ' என்னும் விகுதி சேர்ந்தால் 'கப்புச்சோ', முக்காடு. அதன்மேல் 'இனோ' என்னும் சிறுமை விகுதி ஏறினால் 'கப்புச்சினோ', முக்காட்டுக்காரர். ஒரு பகுதி, இரண்டு விகுதி. நம் 'குட்டி', 'சிறு' போன்றவை முன்னே நின்று செய்யும் வேலையை அங்கே விகுதிகள் பின்னே நின்று செய்கின்றன.

பிரெஞ்சுக்குப் போனதும் அந்தத் துறவி 'கப்புய்சேன்' ஆனார். அவர் வழியில் துறவு பூண்ட பெண், 'கப்புசீன்'. பூவின் பெயரும் அதே பெண்பால் வடிவம். பிரெஞ்சில் அஃறிணைக்கும் பால் உண்டு என்பது நமக்குச் சற்று வேடிக்கைதான். ஆனால் அதனாலேதான் இந்தச் சொல் மலரிலிருந்து மகளுக்குப் போகையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒலியாராய்ச்சியின் ஒரு சுவையான சான்று கிடைக்கிறது. பழைய இலத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கு இயல்பாக இறங்கிவந்த சொற்களில், அகரத்துக்கு முன்னே நின்ற சொல்முதல் ககரம் பெரும்பாலும் திரிந்துவிடும். 'கப்பா' அவ்வாறே 'ஷாப்' ஆயிற்று. நம் பக்கத்தில் கன்னடம் 'கிவி' என்று காத்து வைத்திருக்கும் ககரம் தமிழில் 'செவி' என்று சகரமாகியிருக்கிறது அல்லவா, அதற்கு அண்மையான திரிபு இது. நமக்கு இகரமும் எகரமும் செய்ததை அவர்களுக்கு அகரம் செய்தது. அப்படியானால் கப்புசீனில் மட்டும் ககரம் ஏன் திரியாமல் நிற்கிறது? திரிபெல்லாம் நடந்து முடிந்த பிறகு, இத்தாலியிலிருந்து கடனாக வந்த சொல் அது. வந்த வாசல் அதன் முதலெழுத்திலேயே எழுதியிருக்கிறது.

திரிந்துபோன உடன்பிறப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம். தூர் நகரத்து மார்ட்டின், பனியில் நடுங்கிய இரவலனுக்குத் தம் மேலாடையை வாளால் பிளந்து பாதியைக் கொடுத்தார் என்பார்கள். எஞ்சிய பாதியைத் திருப்பண்டமாகக் காத்த இடம் 'கப்பெல்லா', குட்டி மேலாடை; அதுவே பிரெஞ்சில் 'ஷப்பேல்' ஆகி, பின் எல்லாச் சிற்றாலயங்களுக்கும் பெயராகிவிட்டது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை அறிந்த நமக்கு இந்த மேலாடைக் கதை அயலாகத் தோன்றாது. 'ஷப்போ' என்னும் தொப்பியும் இந்த வேரில் முளைத்ததுதான். தப்பியோடு என்னும் பொருளுடைய 'எஷப்பே' இன்னும் நயம்: பிடித்தவன் கையில் மேலாடையை விட்டுவிட்டு ஆள் நழுவுவது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'ஷப்பெரோன்'. பெரோ 1697இல் வெளியிட்ட கதைத்தொகுப்பில் ஓநாயிடம் அகப்படும் சிறுமிக்கு வேறு பெயரே இல்லை. அவள் அணிந்த சிவப்பு முக்காட்டை வைத்தே அவளைச் 'சின்னச் சிவப்பு ஷப்பெரோன்' என்று அழைக்கிறார்கள். ஆக, ஒரு பெண் குழந்தையை முக்காட்டின் பெயரால் கூப்பிடுவது பிரெஞ்சுக்குப் புதிதன்று. செம்முக்காட்டுச் சிறுமியும் கப்புசீனும் ஒரே துணியில் வெட்டிய இருவர். ஒருத்தி ககரம் இழந்தவள், ஒருத்தி காத்தவள்.

இப்போது பெயரைப் பற்றி உலகம் சொல்லும் குறைகளுக்கு வருவோம். முதலாவதும் உரத்ததும் காப்பி. பிரான்சுக்கு வெளியே இந்தப் பெயரைச் சொன்னால், கேட்பவர் கண்முன் நுரை ததும்பும் கப்புச்சினோக் கோப்பை வந்து நிற்கிறது. புதுச்சேரியிலிருந்து பாரிசுக்குக் குடிபோன குடும்பம் ஒன்றில் பேத்திக்கு இந்தப் பெயரை வைத்தபோது, இங்கிருந்த பாட்டி தொலைபேசியில், "காப்பிக் கடைப் பேரையா வச்சீங்க?" என்று கேட்டாராம். பாட்டியின் செவியைக் குறை சொல்ல முடியாது, வேர் ஒன்றேதான். காப்பியில் பால் கலந்ததும் கிடைக்கும் அந்தத் தவிட்டு நிறம், அந்தத் துறவியரின் அங்கி நிறம். தென்னமெரிக்கக் காட்டில் தலைமயிர் முக்காடிட்டதுபோல் கருத்திருந்த குரங்குக்கும் இதே பெயர் விழுந்தது. ஆனால் காப்பியும் குரங்கும் துறவியின் ஆண்பால் வழியில் போனவை. பூவும் பெண்ணும் வேறு கிளை. சித்தப்பா செய்ததற்கு மகளைப் பழிக்கலாமா?

இரண்டாவது குறை, இது குழந்தைத்தனமான பெயர் என்பது. காரணம், பிரெஞ்சுச் சிறுவர்கள் கைகோத்து வட்டமாகச் சுற்றி, கடைசியில் தொப்பென்று குந்தி உட்காரும் விளையாட்டுப் பாட்டு ஒன்றில் இந்தச் சொல் வருகிறது. இதோடு இன்னோர் ஒலி நயமும் சேர்ந்துகொள்கிறது. பெயரின் நடுவே 'புய்ஸ்' என்னும் ஓசை மறைந்திருக்கிறது. அதற்குத் தெள்ளுப்பூச்சி என்று பொருள். சிறுமியைக் கொஞ்சும் பிரெஞ்சுத் தாய் 'என் தெள்ளே' என்றுதான் கொஞ்சுவாள். பூவுக்குள் ஒரு தெள்ளு, முக்காட்டுக்குள் ஒரு கொஞ்சல்! ஐம்பது வயது வழக்கறிஞருக்கு இந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்கிறார்கள். பொருந்தும். நம்மூரில் 'சின்னப்பொண்ணு' என்ற பெயரோடு கொள்ளுப்பேரனைக் கண்டவர்கள் இல்லையா?

மூன்றாவது, வசதியான வீட்டாரின் பெயர் என்ற முகச்சுளிப்பு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தச் சுளிப்பு ஒரு தலைமுறைக் காலத்துக்குமேல் எந்தப் பெயரோடும் தங்குவதில்லை. இந்தப் பெயர் தொட்டிலேற இவ்வளவு காலம் எடுத்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். நெப்போலியன் காலத்து 1803ஆம் ஆண்டுச் சட்டம், நாட்காட்டிகளில் வழங்கிய பெயர்களையும் பழைய வரலாற்று மாந்தரின் பெயர்களையும் மட்டுமே குழந்தைக்கு ஒப்பியது. புனிதர் பட்டியலில் இல்லாத பூவை மகளுக்குச் சூட்டுவது பதிவு அலுவலரின் மனப்போக்கைப் பொறுத்ததாக இருந்தது. 1993இல்தான் பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கும் உரிமை சட்டமாயிற்று. அதன் பின்னர் பிரெஞ்சுப் பள்ளிகளின் வருகைப்பதிவேட்டில் கப்புசீன்கள் பெருகினார்கள்.

அதற்கு முன்பே சட்டத்தைக் கேட்காமல் இதைச் சூடிக்கொண்டவர் ஒருவர் உண்டு. 1928இல் பிறந்த ழெர்மேன் லெஃபேவ்ர், விளம்பர அழகியாகவும் பின்னர் நடிகையாகவும் ஆனபோது, குடும்பப் பெயரைக் கழற்றிவிட்டுக் 'கப்புசீன்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரையில் வந்தார். 1963இல் வந்த 'பிங்க் பேந்தர்' படத்தில் அவரைப் பார்த்தவர்கள், நெடுநெடுவென்ற அந்த உருவத்துக்கும் வேலியில் படரும் பூவுக்கும் என்ன பொருத்தம் என்று கேட்டிருக்கலாம். எனக்கு அந்தக் கன்னத்து எலும்புகளில் துறவுச்சாயல் ஒன்று தெரிவதுண்டு. பெயரின் பழைய அடுக்கு அவர் முகத்தில் கசிந்ததுபோல.

பாரிசில் 'பூல்வார் தே கப்புசீன்' என்றொரு பெருந்தெரு இருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் பூத்தெரு என்று நினைத்துவிடுவார்கள். அது கன்னியர் தெரு. அருகே இருந்த மடத்துப் பெண் துறவியர் தந்த பெயர். அங்கே 35ஆம் எண் கட்டடத்தில், ஒளிப்படக்காரர் நடாரின் பழைய கூடத்தில், 1874இல் மனப்பதிவு ஓவியர்கள் தங்கள் முதல் காட்சியை வைத்தார்கள். 14ஆம் எண்ணில் 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் உடன்பிறந்தார் காசு வாங்கிக்கொண்டு முதன்முதலாகப் படம் காட்டினார்கள். அந்த 1874 காட்சியில் மோனே வைத்த ஓவியங்களில் ஒன்று இந்தத் தெருவேதான். பிற்காலத்தில் ழிவெர்னியில் தோட்டம் போட்டபோது அவர் நடைபாதையின் இருபுறமும் படரவிட்ட செடியோ, அந்தப் பூ. முதலில் கன்னியர், பிறகு மலர் என்று ஒரே சொல்லின் இரண்டு பொருளோடும் ஓவியர் வாழ்ந்து முடித்திருக்கிறார். அதை அவர் எண்ணிப் பார்த்தாரோ என்னவோ.

மலரும் பெண்ணும் என்றதும் இன்னொருத்தி நினைவுக்கு வருகிறாள். லின்னேயசின் மகள் எலிசபெத் கிறிஸ்தீனா, அந்திக் கருக்கலில் இந்தப் பூக்கள் மின்னல் வெட்டுவதுபோல் பளிச்சிடுவதைக் கண்டு, 1762இல் சுவீடன் அறிவியல் கழகத்தின் இதழில் எழுதினாள். அப்போது அவளுக்கு வயது 19. பூவில் மின்விசை இருக்கிறதென்று அறிஞர்கள் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். மங்கிய ஒளியில் பச்சைக்கு நடுவே செம்மஞ்சளைப் பார்க்கும் நம் கண்ணின் வேலைதான் அது என்பது பின்னால் தெரிந்தது. தந்தை பூவில் தலைச்சீராவைப் பார்த்தார். மகள் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

கடைசியாக ஒன்று. இந்தப் பெயர் நமக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை என்று எண்ணியிருந்தால், அது சரியன்று. பிரெஞ்சுக் கப்புச்சின் துறவிகள் 1642இலேயே சென்னைக் கோட்டைக்கு வந்துவிட்டவர்கள். அந்த நூற்றாண்டிலேயே புதுச்சேரிக்கும் வந்தார்கள். அங்கே துய்மா வீதியில், நாம் தொடக்கத்தில் ஒலியைக் கற்றுக்கொண்ட அதே வீதியில், 1855இல் எழுப்பப்பட்ட தூய தேவதூதர் அன்னை கோயில் இருக்கிறது. ஊரார் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. 'கப்ஸ் கோயில்' என்பார்கள். கப்பாவில் தொடங்கி, விகுதிமேல் விகுதி ஏற்றி, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, கடலையும் கடந்து வந்த சொல்லின் வாலையெல்லாம் தமிழ் வாய் நறுக்கிவிட்டு, முதலசையை மட்டும் வைத்துக்கொண்டு, வாலிருந்த இடத்தில் ஒரு சீற்றத்தை ஒட்டி முடித்துவிட்டது.

அந்தப் பாட்டி வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். பேத்தி விடுமுறைக்கு வரும்போது, எங்கே இறங்க வேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டால், அவள் தன் பெயரில் பாதியைச் சொன்னால் போதும்.